ஜேசன், சிஎஸ்வி ஃபைல்களைப் பிரௌசரிலேயே திறந்து பார்க்க எந்த எக்ஸ்டென்ஷன் நல்லது?

#1 ஏட்டுச்சுவடி

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வாசகசாலையில இருக்கிற பழைய இதழ்கள், புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் கம்ப்யூட்டர்ல இருக்கு. அந்த சாஃப்ட்வேரை விட்டுட்டு வேற ஒண்ணுக்கு மாறப் போறோம். பழையதுல இருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு ஜேசன் ஃபைல் (தரவைப் பேரும் மதிப்புமா கிளை கிளையா எழுதி வைக்கிற உரை வடிவம்), 40 எம்பி சொச்சம். கூடவே சில சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச அட்டவணை). புது இடத்துல ஏத்தறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு நானே ஒருமுறை கண்ணால பார்த்துடணும்னு நினைக்கிறேன்.

குரோம்ல இழுத்துப் போட்டா ஒரே வரியா ஓடுது. தமிழ் ஒரு எழுத்துகூடக் கண்ணுல படல. எல்லாம் பின்சாய்கோடு, யு, அதுக்கப்புறம் 0பி95 மாதிரி நாலு நாலு எழுத்தா இருக்கு. கிளை கிளையா மடக்கி விரிக்கணும், தமிழ்ல தேடணும், முடிஞ்சா அட்டவணையா பார்க்கணும். கம்ப்யூட்டர் வாசகசாலையோடது. பெரிய சாஃப்ட்வேர் எதுவும் போட விடமாட்டாங்க. அதனாலதான் எக்ஸ்டென்ஷன்.

ஒண்ணு போடப் போனேன். "நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி வேணும்னு கேட்டுச்சு. ஒரு ஃபைலைத் திறந்து காட்டறதுக்கு இது எதுக்கு?

#2 கோபுரநிழல்

ஃபயர்ஃபாக்ஸ் போடுங்க. எக்ஸ்டென்ஷனே வேண்டாம். ஜேசன் பார்க்கிற வசதி அதுக்குள்ளேயே இருக்கு. ஃபைலைத் திறந்தா மூணு தாவல் வரும்: கிளையா விரிச்ச தோற்றம், மூல வரிகள், சர்வர் அனுப்பின தலைப்புத் தகவல்கள். மேல வடிகட்டற பெட்டி ஒண்ணு உண்டு. நீங்க சொல்ற 0பி95 எல்லாம் தமிழ் எழுத்தோட குறியீடுதான், முதல் தாவல்ல தமிழாவே தெரியும்.

குரோம்லயும் இப்போ ஜேசன் பக்கத்து மேல அழகா அடுக்கிக் காட்ட ஒரு டிக் பெட்டி வருது. ஆனா மடக்கி விரிக்க முடியாது.

#3 சைக்கிள்மணி

இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? ஆன்லைன்ல ஜேசன் ஃபார்மேட்டர் தளம் எக்கச்சக்கமா இருக்கு. ஒட்டினா அடுத்த நொடி அழகா வந்துடும். நான் ஆபீஸ்ல தினமும் அப்படித்தான்.

#4 பூட்டுக்கடை

#3 சைக்கிள்மணி தம்பி, ஆபீஸ் டேட்டாவையா? 2025 நவம்பர்ல வாட்ச்டவர்னு ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு, பிரபலமான ரெண்டு ஃபார்மேட்டர் தளங்கள்ல ஆளுங்க சேமிச்சு வெச்ச துண்டுகளை எடுத்துப் பார்த்தாங்க. 80,000-க்கும் மேல. பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி, டேட்டாபேஸ் கணக்கு, எல்லாம் அதுல கிடந்தது. தளத்தை யாரும் உடைக்கல. "சேமி" பட்டனை அழுத்தினா ஒரு இணைப்பு கிடைக்கும்ல, அந்த இணைப்புகளை யார் வேணும்னாலும் வரிசையா எடுக்கலாம்ங்கிற நிலைமை. அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்றேன். பிரௌசர் போக்குவரத்தைப் பதிவு பண்ணி வர்ற ஹெச்ஏஆர் ஃபைலும் உள்ளுக்குள்ள ஜேசன்தான். பார்க்க அப்பாவியா இருக்கும். உள்ளே குக்கி, நுழைவுச் சீட்டு (பாஸ்வேர்டு இல்லாமலே கணக்குக்குள்ள விடற அடையாளம்) எல்லாம் இருக்கும். 2023 அக்டோபர்ல, மத்த கம்பெனிகளுக்கு உள்நுழைவு வசதி தர்ற ஆக்டா நிறுவனத்தோட வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள்ள நுழைஞ்சவங்க, அங்க வாடிக்கையாளர்கள் ஏத்தியிருந்த இந்த மாதிரி ஃபைல்கள்ல இருந்த நுழைவுச் சீட்டுகளை வெச்சுத்தான் அடுத்தடுத்த கம்பெனிகளுக்குள்ள போக முயற்சி பண்ணினாங்க.

ஏட்டுச்சுவடி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அந்த அனுமதி எதுக்குன்னா, ஒரு பக்கம் ஜேசனா இல்லையான்னு எக்ஸ்டென்ஷனுக்கு முன்கூட்டியே தெரியாது. சர்வர் ஒழுங்கா "இது ஜேசன்"னு தலைப்புல சொன்னா பிரச்சினை இல்ல. ஆனா எல்லா சர்வரும் சொல்றதில்ல. நிரல்களை வைக்கிற கிட்ஹப் தளத்துல "ரா" அழுத்தினா வர்ற பக்கம் வெறும் உரைன்னுதான் வரும், உள்ளே இருக்கிறது ஜேசனா இருந்தாலும். அதனால பல எக்ஸ்டென்ஷன்கள் நீங்க திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் எட்டிப் பார்த்து, "இது நம்ம ஆளா?"ன்னு சோதிக்கும். பேங்க் பக்கம், மெயில் பக்கம் உட்பட. எழுதினவர் நல்லவராவே இருக்கலாம். பிரச்சினை அவர்கிட்ட இல்ல, அவருக்கு அப்புறம் வர்றவர்கிட்ட. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. 20 லட்சம் பேருக்கு மேல பயன்படுத்தினாங்க. எழுதினவர் 2020-ல கைமாத்தி விட்டார். வாங்கினது யாருன்னே தெரியல. 2021 பிப்ரவரியில கூகுள் அதை மால்வேர்னு சொல்லி எல்லார் பிரௌசர்லயும் முடக்கினது. எக்ஸ்டென்ஷன் தானா அப்டேட் ஆகும். நீங்க எதையும் அழுத்த வேண்டியதில்ல.

#5 சைக்கிள்மணி

சரி அண்ணா, ஆபீஸ் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா இவங்க கேட்கிறது வாசகசாலைப் பட்டியல். அதைத் திருடி யார் என்ன பண்ணப் போறாங்க?

#6 பூட்டுக்கடை

பட்டியலை விடுங்க. அதே பிரௌசர்லதானே வாசகசாலையோட மெயிலும் கரெண்ட் பில்லும் திறக்குது? எக்ஸ்டென்ஷன் பட்டியலோட நிக்காது.

தவிர, பட்டியல்னு சொன்னாலும் உறுப்பினர் பேர், வீட்டு முகவரி, போன் நம்பர், யார் எந்தப் புத்தகம் எடுத்தாங்கன்னு உள்ளே இருக்க வாய்ப்பிருக்கு. ஏட்டுச்சுவடி, அதை முதல்ல பாருங்க.

எக்ஸ்டென்ஷன் போட்டே ஆகணும்னா, குரோம்ல அதோட விவரப் பக்கத்துல ரெண்டு இடத்தைக் கவனிங்க. தள அணுகலை "கிளிக் செய்யும்போது மட்டும்"னு மாத்திடுங்க. அப்புறம் "ஃபைல் யூஆர்எல் அணுகலை அனுமதி"ன்னு ஒரு சுவிட்ச். அது வழக்கமா அணைஞ்சேதான் இருக்கும். அதைப் போட்டாத்தான் உங்க ஹார்டு டிஸ்க்குல இருக்கிற ஃபைலை இழுத்துப் போட்டா வேலை செய்யும். "எக்ஸ்டென்ஷன் வேலையே செய்யல"ன்னு வர்ற புகார்ல பாதி இந்த சுவிட்ச்தான். இன்னும் நல்லது, இதுக்குன்னே தனியா ஒரு குரோம் ப்ரொஃபைல் உண்டாக்கி அதுல மட்டும் போடறது.

#7 ஏட்டுச்சுவடி

பூட்டுக்கடை சார், பார்த்தேன். உறுப்பினர் பேரும் போன் நம்பரும் இருக்கு. நல்லவேளை, எங்கேயும் ஒட்டல.

தனி ப்ரொஃபைல் உண்டாக்கி ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன் (பேர் வேண்டாம், அவங்க மேல குறை சொல்ற மாதிரி ஆயிடும்). அட்டவணையா அழகா காட்டுது. ஆனா ஒண்ணு புரியல. ஒவ்வொரு புத்தகத்துக்கும் 18 இலக்கத்துல ஒரு அடையாள எண் இருக்கு. சிஎஸ்வியில கடைசி ரெண்டு இலக்கம் 78-ன்னு இருக்கிற புத்தகத்துக்கு எக்ஸ்டென்ஷன்ல 80-ன்னு காட்டுது. இன்னொண்ணுக்கும் இதே மாதிரி. நிறைய எண்கள் பூஜ்யத்துல முடியுது. ஃபைல் கெட்டுப்போச்சா? இல்ல சிஎஸ்வி தப்பா?

#8 பைட்டுப்பாண்டி

ஃபைலும் சரி, சிஎஸ்வியும் சரி. காட்டுற ஆளுதான் சரியில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்ல சாதாரண எண் எல்லாமே 64 பிட் மிதவைப்புள்ளி எண். முழு எண்ணை ஒண்ணு விடாமப் பிடிச்சு வைக்கிறது 9007199254740991 வரைக்கும்தான். இரண்டின் 53-ஆம் அடுக்குல ஒண்ணு குறைவு. 16 இலக்கம். அதுக்கு மேல போனா பக்கத்துல இருக்கிற, தன்னால வைக்க முடிஞ்ச எண்ணுக்கு நகர்த்திடும். 123456789012345678-ன்னு குடுத்தா 123456789012345680-ன்னு திருப்பிக் குடுக்கும். உங்க 78, 80 ஆனது இப்படித்தான். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது, ஒண்ணும் வராது. ஜேசன் தரத்துல எண்ணுக்கு இத்தனை இலக்கம்தான்னு வரம்பு கிடையாது. ஆனா எக்ஸ்டென்ஷன் எழுதுறவுங்க பெரும்பாலும் பிரௌசரோட உள்ளமைஞ்ச ஜேசன் பிரிப்பானை (ஃபைலைப் படிச்சு தரவாப் பிரிக்கிற நிரல்) கூப்பிட்டு, அது குடுக்கிறதை எடுத்து வரைவாங்க. அங்கேயே இலக்கம் போச்சு.

ட்விட்டர் இதுல மாட்டினது பழைய கதை. 2010-ல ட்வீட் அடையாள எண்ணைப் பெருசாக்கினப்போ, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் அதையே மேற்கோள் குறிக்குள்ள சரமா (வெறும் எழுத்துத் தொடரா) இன்னொரு தடவை குடுக்க ஆரம்பிச்சாங்க, ஜாவாஸ்கிரிப்ட்காரங்களுக்காகவே.

நான் எந்த வ்யூவர் கிடைச்சாலும் முதல்ல ஒரு சின்னச் சோதனை ஃபைல் குடுப்பேன். நோட்பேடுல பத்து வரி. உள்ளே இதெல்லாம் இருக்கும்:

9007199254740993-ங்கிற எண், மேற்கோள் குறி இல்லாம. இது 92-ல முடிஞ்சா, உங்க எக்ஸ்டென்ஷன் மாதிரிதான்.

1.0-ன்னு ஒரு எண். பல வ்யூவர் வெறும் 1-ன்னு காட்டும். விலைப்பட்டியல்ல பரவாயில்ல. ஆனா மென்பொருள் பதிப்பு எண்ணை யாராவது மேற்கோள் குறி இல்லாம எழுதியிருந்தா 2.10, 2.1 ஆயிடும்.

ஒரே பேர்ல ரெண்டு சாவி (சாவின்னா ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னாடி இருக்கிற பேர்). தரத்துல "பேர்கள் தனித்தனியா இருக்கணும்"னு அறிவுரைதான் இருக்கு, கட்டாயம் இல்ல. ஜாவாஸ்கிரிப்ட் கடைசியா வந்ததை மட்டும் வெச்சுக்கிட்டு முதல்ல வந்ததை சத்தமில்லாம விட்டுடும். ஃபைல்ல இருக்கிற ஒரு வரி திரையில இல்லவே இல்ல.

சாவிப் பேரா "10", "2", "பெயர்"னு இந்த வரிசையில மூணு. ஜாவாஸ்கிரிப்ட் எண் மாதிரித் தெரியுற சாவிகளை எடுத்து ஏறுவரிசையில முன்னாடி வெச்சிடும். அதனால 2, 10, பெயர்னு மாறி வரும். அலமாரி எண்ணைச் சாவியா வெச்சிருந்தாங்கன்னா நீங்க பார்க்கிற வரிசை ஃபைலோட வரிசை இல்ல.

இந்த நாலும் ஃபைல்ல இருக்கிறபடியே தெரிஞ்சா அந்த எக்ஸ்டென்ஷனை எழுதினவுங்க யோசிச்சு எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். சொந்தமா ஒரு பிரிப்பான் எழுதியிருப்பாங்க. இல்லன்னா புது பிரௌசர்கள்ல பிரிக்கும்போதே மூலத்துல இருந்த எழுத்துக்களையும் கேட்டு வாங்குற வசதி வந்திருக்கு, அதைப் பயன்படுத்தியிருப்பாங்க. கலர் கலரா தீம் இருக்கா, இருட்டுத் திரை இருக்கான்னு பார்த்து நட்சத்திரம் குடுக்கிறவுங்கதான் கடையில அதிகம்.

#9 கோபுரநிழல்

கிளைத் தோற்றத்துல சந்தேகம் வந்தா மூல வரிகள் தாவலுக்குப் போய்ப் பார்க்கணும்னு இதனாலதான் சொல்றது. அங்கே பிரிப்பான் கை வைக்காது. வ்யூவர்ல "மூலம்"னு ஒரு தாவல் இல்லைன்னா அது வேண்டாம்.

#10 பண்ணைக்கடல்

யாழ்ப்பாணத்திலிருந்து. சிஎஸ்வியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதுதான் எழுதுறன்.

ஏட்டுச்சுவடி, நீங்கள் அந்த சிஎஸ்வியை எக்செலிலை இரட்டைக் கிளிக் செய்து திறந்து பாத்தனீங்களோ? தமிழ் எழுத்தெல்லாம் தலைக்கு மேலை கோடு போட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள்ளை ஆர் போட்ட குறியுமாய் வந்திருக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொண்டும் யூடிஎஃப்-8 எண்ட எழுத்துக் குறியீட்டு முறையிலை மூண்டு பைட். எக்செல் அதை யூடிஎஃப்-8 எண்டு கண்டுபிடிக்காமல், பழைய விண்டோஸ் குறியீடு எண்டு நினைச்சு மூண்டையும் மூண்டு எழுத்தாய்க் காட்டுது. ஃபைலின்ரை தொடக்கத்திலை பிஓஎம் எண்ட மூண்டு பைட் அடையாளம் இருந்தால் சரியாய்த் திறக்கும். இல்லை எண்டால் தரவு தாவலுக்குப் போய் "உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து" எண்டதைத் தெரிவு செய்து, குறியீடு 65001 எண்டு குடுங்கோ.

ஆனால் தயவு செய்து எக்செலிலை திறந்து சேமிக்க வேண்டாம். உங்கடை 18 இலக்க எண் அங்கேயும் நிக்காது. எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் வைச்சிருக்கும், மிச்சத்தைப் பூச்சியமாக்கிப் போடும். சுழியத்திலை தொடங்கிற தொலைபேசி எண்ணிலை முதல் சுழியம் போயிடும். 3-4 எண்டு இதழ் எண் இருந்தால் அதைத் திகதி ஆக்கிப்போடும்! பழைய சஞ்சிகைகளுக்கு "மலர் 3, இதழ் 4" எண்டதை அப்படித்தானே எழுதியிருப்பினம்.

நல்ல சிஎஸ்வி வ்யூவர் எண்டால் எல்லாப் பெட்டியையும் முதலிலை வெறும் எழுத்தாய்த்தான் காட்ட வேணும். எண்ணாய் மாத்தவோ எண்டு எங்களிட்டைக் கேக்க வேணும்.

#11 பைட்டுப்பாண்டி

#10 அருமை. சிஎஸ்விக்கு இன்னொரு சோதனை. மேற்கோள் குறிக்குள்ள கமாவும் வரி முறிவும் இருக்கிற ஒரு பெட்டி வெச்சுப் பாருங்க. 2005-ல வந்த சிஎஸ்வி வரையறை ஆவணம் ஆர்எஃப்சி 4180 அதை அனுமதிக்குது. புத்தகக் குறிப்புல யாராவது என்டர் தட்டியிருப்பாங்க. வரி வரியா வெட்டி, கமா கமாவா பிரிக்கிற அவசர எக்ஸ்டென்ஷன்கள்ல ஒரு புத்தகம் ரெண்டு வரிசையாயிடும். அதுக்கு அப்புறம் வர்ற எண்ணிக்கை எதையும் நம்ப முடியாது.

#12 ஏட்டுச்சுவடி

பைட்டுப்பாண்டி சார் சொன்ன சோதனை ஃபைலைக் கொடுத்தேன். அந்த எக்ஸ்டென்ஷன் எண்ணை 92-ன்னு காட்டுச்சு, ரெட்டைச் சாவியில ஒண்ணைக் காணோம், வரிசையும் மாறுச்சு. தூக்கிட்டேன்.

இப்போ ஃபயர்ஃபாக்ஸ்லதான் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். வடிகட்டற பெட்டியில "கொங்கு"ன்னு தேடினா சில புத்தகம் வருது, சில வரல. வராத புத்தகத்தோட தலைப்பைக் கண்ணால பார்த்தா அதே "கொங்கு"தான். நகல் எடுத்து ஒட்டித் தேடினா அது வருது, முன்னாடி வந்தது வரல!

#13 ஒற்றைக்கொம்பு

இந்த இழைக்கு என் பேரே பொருத்தமாக அமைந்துவிட்டது :)

"கொ" என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோட்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு வழி. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒருங்குறித் தரமே இரண்டும் சமம் என்று சொல்கிறது. ஆனால் வெறும் பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய தரவில் இது மலிந்து கிடக்கும். அந்த எழுத்துருக்களில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று தட்டச்சுப் பொறி வரிசையில் இருந்தது. மாற்றிகள் எல்லாம் ஒழுங்காகச் சேர்த்துவிடவில்லை.

தீர்வு ஒன்றும் புதிதல்ல. இயல்பாக்கம் என்று ஒரு படிநிலை உண்டு, என்எஃப்சி என்பார்கள். தேடும் சொல்லையும் தரவையும் அதில் ஒருமுறை ஓட்டிவிட்டு ஒப்பிட்டால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு அழைப்பு. அதைச் செய்யாத நீட்சிகள்தான் (எக்ஸ்டென்ஷன்கள்) அதிகம். தமிழ், மலையாளம், வங்காளம் போன்ற மொழிகளில் தேடிப் பார்க்காதவர்களுக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் படவே படாது.

இயல்பாக்கத்தாலும் சரியாகாத ஒன்றும் இருக்கிறது. "ஔவையார்" என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாக இல்லாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து "ஒளவையார்" என்று எழுதியிருப்பார்கள். பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஒருங்குறிப்படி அது வெறும் எழுத்துப்பிழை, சமம் அல்ல. உங்கள் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள், கட்டாயம் அகப்படும்.

#14 ஏட்டுச்சுவடி

அகப்பட்டது ஐயா. ஆத்திசூடிப் பதிப்புகள் பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம்.

#15 ஒற்றைக்கொம்பு

வரிசைப்படுத்துவதிலும் ஒரு குறிப்பு. அட்டவணைத் தலைப்பைச் சொடுக்கினால் அகரவரிசைப்படுத்தும் நீட்சிகள் பல, ஒருங்குறி எண்ணின்படிதான் அடுக்குகின்றன. அதில் றகரம் லகரத்துக்கு முன்னால் வரும், ழகரம் வகரத்துக்கு முன்னால் வரும். ஆகவே "மறை" மலைக்கு மேலே ஏறிக்கொள்ளும், "அழகு" அவைக்கு முன்னால் வரும். நூலகப் பட்டியலில் இது எரிச்சலூட்டும். உலாவிக்குள்ளேயே மொழிவாரி ஒப்பிடும் கருவி இருக்கிறது. தமிழ் என்று சொல்லிக் கேட்டால் நம் நெடுங்கணக்கின்படியே அடுக்கித் தரும். எழுதுபவர் கேட்க வேண்டும், அவ்வளவே.

#16 உப்பளம்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு வரைபடத் தரவு காட்ட ஜியோஜேசன் வ்யூவர் ஒண்ணு போட்டேன். சென்னை மட்டும் ஆர்க்டிக் கடல்ல போய் உக்காருது. பிள்ளைங்க சிரிக்குதுங்க. எக்ஸ்டென்ஷன் கோளாறா?

#17 பைட்டுப்பாண்டி

இல்லீங்க டீச்சர், அது தரவு. 2016-ல வந்த ஜியோஜேசன் தரம் ஆர்எஃப்சி 7946-ல முதல்ல நெடுக்கை, அப்புறம் அகலாங்கு. நாம பேச்சுவாக்குல அகலாங்கை முதல்ல சொல்லுவோம், அப்படியே எழுதிட்டாங்க. சென்னை வட அகலாங்கு 13.08, கிழக்கு நெடுக்கை 80.27. மாத்திப் போட்டா வட அகலாங்கு 80-ஐத் தாண்டி, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே கடல்ல விழும். ரெண்டு எண்ணையும் இடம் மாத்துங்க. இதுல எக்ஸ்டென்ஷன் நல்லவுகதான், இருக்கிறதை அப்படியே காட்டியிருக்கு.

ஒழுங்கான மாதிரித் தரவு வேணும்னா விக்கிபீடியாவோட சகோதரத் தளமான விக்கித்தரவுல தமிழ்நாட்டோட உருப்படி, கியூ1445, அதை ஜேசனாவே எடுக்கலாம். நூத்துக்கணக்கான மொழிகள்ல பேரு, ஆயத்தொலைவு, மேற்கோள்னு நாலஞ்சு ஆழத்துக்குக் கிளை கிளையா போகும். பிள்ளைகளுக்குக் காட்டவும் நல்லா இருக்கும், வ்யூவரைச் சோதிக்கவும் ஆகும்.

#18 சைக்கிள்மணி

எனக்கும் ஒண்ணு கேட்கணும். ஆபீஸ்ல லாக் ஃபைல் 2 ஜிபி. (இனிமே எங்கேயும் ஒட்டமாட்டேன், பூட்டுக்கடை அண்ணா.) குரோம்ல போட்டா தாவலே செத்துப் போகுது.

#19 பைட்டுப்பாண்டி

சாகத்தான் செய்யும். குரோமுக்குள்ள இருக்கிற வி8 ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்ல ஒரே சரத்தோட நீளத்துக்கு வரம்பு இருக்கு, 64 பிட் கம்ப்யூட்டர்ல ஏறத்தாழ 53.7 கோடி எழுத்து. முழு ஃபைலையும் ஒரே சரமா எடுக்கிற எக்ஸ்டென்ஷன் எதுவா இருந்தாலும் அந்தச் சுவர்ல முட்டும். அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கிளைக்கும் திரையில ஒரு உறுப்பு உண்டாக்கி நினைவகத்தைத் தின்னுடும். கண்ணுக்குத் தெரியுற வரிகளை மட்டும் வரையுறதுதான் நல்ல எக்ஸ்டென்ஷனுக்கு அடையாளம். 40 எம்பியில சுருளும்போது திக்கினா அது அப்படி எழுதலைன்னு தெரிஞ்சுக்கலாம்.

தமிழ் ஃபைலுக்கு இன்னொரு விசேஷம். வி8 ஒரு சரத்துல எல்லாமே லத்தீன் எழுத்துன்னா எழுத்துக்கு ஒரு பைட்ல வைக்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் போதும், முழுச் சரமும் எழுத்துக்கு ரெண்டு பைட். 40 எம்பி ஆங்கில ஃபைலும் நடுவுல ஒரு "அ" இருக்கிற 40 எம்பி ஃபைலும் நினைவகத்துல ஒண்ணு இல்ல.

அந்த லாகு வரிக்கு ஒரு ஜேசன்னு இருக்கும், பாருங்க. அதை ஒரே ஜேசனா நினைச்சுத் திறக்கவே கூடாது, ரெண்டாவது வரியிலேயே பிழைன்னு சொல்லும். 2 ஜிபிக்கு பிரௌசரை விட்டுடுங்க. கட்டளை அடிச்சு ஜேசனைப் பார்க்கிற ஜேக்யூ இருக்கு, 2012-ல இருந்து. பழைய பதிப்புல அதுவும் பெரிய எண்ணைக் கடிச்சுடும். 2023-ல வந்த 1.7-ல இருந்து நீங்க கணக்குப் போடாத வரைக்கும் எண்ணை எழுதினபடியே வெச்சிருக்கும். இல்லன்னா டக்டிபிங்கிற டேட்டாபேஸ் கருவி. ஜேசன், சிஎஸ்வி, பார்க்கே (பத்தி பத்தியா தரவை வைக்கிற ஃபைல்) மூணையும் நேரா கேள்வி கேட்டுப் படிக்கலாம்.

#20 கோபுரநிழல்

பார்க்கேன்னதும் ஒண்ணு. அது பைனரி ஃபைல், நோட்பேடுல குப்பையாத்தான் தெரியும். ஆனா உள் அட்டவணை ஃபைலோட வால்ல இருக்கும். அதனால வாலை மட்டும் முதல்ல படிச்சுட்டு, வேணும்ங்கிற பத்தியை மட்டும் எடுக்கலாம். பெரிய ஃபைலை பிரௌசர்ல பார்க்கணும்னா அதுதான் தோது.

#21 சைக்கிள்மணி

எக்ஸ்டென்ஷனும் வேண்டாம், தளத்துக்கு அனுப்பறதும் வேண்டாம்னா, வைஃபையை அணைச்சுட்டு ஆன்லைன் தளத்துல ஃபைலை இழுத்துப் போட்டா? வேலை செஞ்சா அது நம்ம கம்ப்யூட்டர்லயே நடக்குதுன்னுதானே அர்த்தம்?

#22 பூட்டுக்கடை

நல்ல யோசனை, ஆனா பாதிதான். அங்கேயே நடக்குதுன்னு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் உங்க ஃபைலை பிரௌசரோட சேமிப்பிடத்துல வெச்சுக்கிட்டு, வைஃபை வந்ததும் அனுப்பினா? தனிப்பட்ட சாளரத்துல திறந்து, வேலை முடிஞ்சதும் சாளரத்தை மூடிட்டு, அப்புறமா வைஃபையைப் போட்டா பரவாயில்ல.

எக்ஸ்டென்ஷனுக்கும் சொல்றேன். ஒவ்வொண்ணுக்குள்ளயும் மேனிஃபெஸ்ட்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுவே ஒரு ஜேசன். என்னென்ன அனுமதி, எந்தெந்தத் தளம்னு அதுல எழுதியிருக்கும். அதைத் திறந்து படிக்கக் கத்துக்கோங்க. ஆனா அதுவும் இன்னைக்கு நிலவரம்தான். 2024 கிறிஸ்துமஸ் சமயத்துல சைபர்ஹேவன்னு ஒரு பாதுகாப்பு நிறுவனத்தோட ஊழியர் ஒருத்தரை ஃபிஷிங் மெயில்ல (போலி மெயில்) ஏமாத்தி, அவங்க எக்ஸ்டென்ஷனுக்கே கெட்ட அப்டேட்டை ஏத்திட்டாங்க. தொழிலே பாதுகாப்புங்கிற கம்பெனிக்கு அந்த நிலைமைன்னா, ஓய்வு நேரத்துல ஜேசன் வ்யூவர் எழுதி வெச்சிருக்கிற தனி ஆளை நினைச்சுப் பாருங்க.

#23 பண்ணைக்கடல்

அப்ப ஒண்டுமே போடக் கூடாது எண்டு சொல்லுறியளோ? நாங்கள் எல்லாரும் கறுப்புத் திரையிலை ஜேக்யூ அடிச்சுக்கொண்டு இருக்கேலாது. வாசகசாலைக்கு வாற பிள்ளை நாளைக்கு இதைத் திறக்க வேணும்.

#24 பூட்டுக்கடை

அப்படிச் சொல்லல. பிரௌசருக்குள்ளேயே இருக்கிறது போதும்னா அதோட நிறுத்துங்க. போதலைன்னா தனி ப்ரொஃபைல், கிளிக் செய்யும்போது மட்டும். அந்தப் பிள்ளைக்கு இது ரெண்டும் கஷ்டமில்ல.

#25 ஏட்டுச்சுவடி

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்லிடறேன்.

பார்க்கிறதுக்கு ஃபயர்ஃபாக்ஸ், எண்களைச் சரிபார்க்க மூல வரிகள் தாவல். அட்டவணை வேணும்னா தனி ப்ரொஃபைல்ல வேற ஒரு எக்ஸ்டென்ஷன். அது சோதனை ஃபைல்ல ரெட்டைச் சாவியைத் தவிர மத்ததெல்லாம் தேறுச்சு. ரெட்டைச் சாவி எங்க ஃபைல்ல இல்லைன்னு தம்பி ஒருத்தர் பைத்தான்ல பார்த்துச் சொல்லிட்டார். ஃபைல் எடுத்துக் கொடுத்தவங்ககிட்ட அடையாள எண்ணை மேற்கோள் குறிக்குள்ள போட்டு, என்எஃப்சி பண்ணி, உறுப்பினர் விவரம் இல்லாம மறுபடி கேட்டிருக்கேன். தமிழை 0பி95-ன்னு மாத்தாம தமிழாவே தரச் சொன்னேன். "அது தானா அப்படித்தான் வரும்"ங்கறாங்க.

#26 பைட்டுப்பாண்டி

பைத்தான்ல எடுத்தாங்கன்னா தானா வர்றதுதான், ஆனா மாத்தலாம். ஜேசனா எழுதுற இடத்துல என்ஷ்யூர் ஆஸ்கின்னு ஒரு அமைப்பு இருக்கு, சொல்லாம விட்டா ட்ரூ. அதை ஃபால்ஸ்னு வெச்சா தமிழ் தமிழாவே வரும். ஃபைலும் இளைக்கும். "தமிழ்நாடு"ங்கிற சொல் ஒன்பது குறியீடு. தமிழாவே வெச்சா 27 பைட், இப்போ உங்ககிட்ட இருக்கிற மாதிரின்னா 54. இதைச் சொல்லிக் கேளுங்க, ஒரு வார்த்தை சேர்க்கிற வேலைதான். ஃபைலைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8-ன்னும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. விண்டோஸ்ல அதைச் சொல்லாம விட்டா முதல் தமிழ் எழுத்துலயே பிழை காட்டி நின்னுடலாம், அப்புறம் "பார்த்தீங்களா, அதனாலதான் அப்படி வெச்சோம்"பாங்க.

#27 ஏட்டுச்சுவடி

அதேதான் சொன்னாங்க சார், வார்த்தை மாறாம! அனுப்பிட்டேன். புது ஃபைல் வந்ததும் அந்தச் சோதனையை ஓட்டிட்டு எழுதறேன்.